களத்தில் பிறக்கும் மருந்து

(நிலாவாரைச் சாகுபடி, பயன்பாடு பற்றித் தூத்துக்குடி மாவட்டத்தில் உழவர்களும் மருந்தியல் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் இரண்டு தரப்பினர் அமர்ந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் நிலாவாரையை விதைத்து, உருவி, காயவைத்து, சாக்கில் கட்டி விற்பவர்கள். மறுபக்கம் அந்த இலையிலிருந்து எடுத்த மருந்தைப் பாடமாகப் படித்து, நாளைக்கு நோயாளியின் கையில் கொடுக்கப் போகிறவர்கள். மாத்திரை அட்டையில் சென்னோசைடு என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கும் மாணவருக்கு அது சாத்தான்குளத்துச் செம்மண்ணிலிருந்தும் வந்திருக்கலாம் என்பது தெரிவதில்லை. சாக்கைத் தைத்து லாரியில் ஏற்றும் உழவருக்கு, அந்த இலை எங்கோ ஒரு நோயாளியின் வேதனையைக் குறைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இவ்வளவு காலமாக நம் மண்ணில் விளையும் ஒரு செடியைப் பற்றி விளைவிப்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே இருந்துவிட்டார்கள். அதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நிலாவாரை என்னும் மருந்து ஆலையில் தொடங்குவதில்லை, நீங்கள் இலையைக் காயப்போடும் களத்தில் தொடங்குகிறது. மேடை அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. வேதியியல் அப்படித்தான் சொல்கிறது. அதற்கு வருமுன் செடி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நிலாவாரை நம் ஊர்ச் செடி இல்லை. செங்கடலின் இருகரைகளும் அதன் தாய்வீடு. எகிப்து, சூடான், சோமாலியா ஒருபுறம்; ஏமனும் அரேபியாவின் வறண்ட கடலோரமும் மறுபுறம். சிந்துப் பகுதி வரை அது தானாக முளைக்கிறது. வெயில் சுடும், மழை குறைவு, மண்ணில் கொஞ்சம் உப்பும் இருக்கும். அந்த இடங்களில் இடுப்பளவு வளர்ந்து மஞ்சள் பூப்பூத்து நிற்கும் சிறுசெடி அது. ஆவாரை, பொன்னாவரை, சீமை அகத்தி எல்லாம் அதற்கு நெருங்கிய உறவு. சரக்கொன்றை கொஞ்சம் தள்ளிய உறவு. தாவரவியல் நூல்கள் இன்று அதைச் சென்னா அலெக்சாண்ட்ரினா என்று எழுதுகின்றன. பழைய நூல்களில் காசியா அங்குஸ்டிபோலியா, காசியா அக்யூட்டிபோலியா என்று இரண்டு பெயர்களில் இரண்டு செடிகளாக வரும். இரண்டும் ஒரே இனம்தான் என்று பின்னர் முடிவு செய்தார்கள்.

அரபு மருத்துவர்கள் 9-ஆம் நூற்றாண்டிலேயே இந்த இலையைத் தங்கள் நூல்களில் எழுதிவிட்டார்கள். யுனானி மருந்துக் கடையில் இன்றும் சனா மக்கி என்று கேட்டால் இதைத்தான் மடித்துக் கொடுப்பார்கள். மக்காவின் சனா என்று பொருள். ஐரோப்பாவுக்கு இது போன வழி எகிப்து. நூபியப் பாலைவனத்தில் பறித்த இலை ஒட்டகங்களில் நைல் கரைக்கு வந்து, படகேறி, அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் கப்பல் ஏறியது. அதனால் அலெக்சாண்ட்ரியச் சென்னா என்ற பெயர் நிலைத்தது. ஒட்டோமான் ஆட்சியில் இந்த வாணிகமே குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்றால் அதில் புழங்கிய பணத்தை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

பணம் புழங்கிய இடத்தில் கலப்படமும் வந்தது. ஆர்கெல் என்று வேறொரு பாலைவனச் செடி. அதன் இலையை நிலாவாரையோடு கலந்து அனுப்பும் பழக்கம் அங்கே வெகுகாலம் இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய மருந்து நூல்களில் நிலாவாரையைப் பற்றி ஒரு பக்கம் இருந்தால், ஆர்கெல் இலையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இன்னொரு பக்கம் இருக்கும். காட்டில் முளைத்ததைக் கண்டவர் கண்டபடி பறித்துக் குவித்த சரக்கு அது. காம்பும் மண்ணும் ஒடிந்த தூளுமாகத்தான் வந்து சேர்ந்தது.

திருநெல்வேலி உள்ளே வருவது இந்தக் கட்டத்தில்தான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், திருநெல்வேலியில் வணிகமும் பண்ணையும் நடத்திவந்த ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இந்தச் செடியைப் பயிராக வைத்து வளர்த்தார். காட்டில் பறிப்பதை விட்டு, நிலத்தை உழுது, வரிசையாக விதைத்து, வேண்டிய பருவத்தில் இலை எடுத்தார்கள். இலை பெரிதாக, முழுசாக, பச்சை மாறாமல் வந்தது. வேறு செடி கலக்க வழியே இல்லை. லண்டன் சந்தையில் அதற்குத் ‘தின்னவேலிச் சென்னா’ என்று தனிப்பெயர் உண்டாயிற்று. அதன்பின் மருந்து நூல்கள் இதன் காயையும் இரண்டாகவே பிரித்து எழுதின: அலெக்சாண்ட்ரியக் காய், தின்னவேலிக் காய். ஐரோப்பிய மருந்துத் தர நூலிலும் இந்தப் பிரிவு நெடுங்காலம் அப்படியே இருந்தது. நம் வட்டாரத்தின் பெயர் உலக மருந்து நூல்களில் ஏறியது நல்ல மண்ணால் மட்டும் இல்லை. இலையைச் சுத்தமாகவும் முழுசாகவும் கொடுத்த கைகளால் ஏறியது. இதை உழவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. நுண்நோக்கியில் இலை நரம்புகளுக்கு இடைப்பட்ட தீவுகளை எண்ணும் பாடம் உங்களுக்கு உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டரில் அலெக்சாண்ட்ரிய இலையில் 25-லிருந்து 29 வரை, தின்னவேலி இலையில் 19-லிருந்து 22 வரை என்று மனப்பாடம் செய்வீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் போவீர்கள். உங்கள் பாடநூலில் இருக்கும் அந்தத் தின்னவேலி இந்த மேடையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. இலையைப் பறித்தவர்கள் எதிர் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இனி நிலத்துக்கு வருவோம். இங்கே நீங்கள் என்னைவிட அதிகம் அறிந்தவர்கள். ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வதையும் உங்கள் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே பேசுகிறேன்.

நிலாவாரைக்குச் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் சரிப்படும், கரிசலும் சரிப்படும். கார அமில நிலை 7-லிருந்து 8.5 வரை இருந்தாலும் தாங்கும். கொஞ்சம் உப்பு ஏறிய நிலத்திலும் முகம் சுளிக்காமல் வளரும். அதற்கு ஆகாதது தேங்கும் தண்ணீர் ஒன்றுதான். வேரைச் சுற்றி நீர் நின்றால் சில நாளில் செடி வாடித் தலை சாய்ந்துவிடும். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். அந்த மழையை நம்பிப் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ மானாவாரியாக விதைக்கிறோம். மேட்டு நிலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. கிணறு உள்ளவர்கள் மாசி, பங்குனியில் இறவையாகவும் போடுகிறார்கள்.

விதையின் தோல் கெட்டி. அப்படியே தூவினால் பாதி விதை மண்ணுக்குள் தூங்கும். பருமணலோடு சேர்த்துக் கோணியில் போட்டுத் தேய்த்து, தோலில் கீறல் விழுந்தபின் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு ஒரேசீராக வரும். ஏக்கருக்கு 6-லிருந்து 8 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விட்டால் நடுவில் நடந்து களையெடுக்கவும் இலை உருவவும் இடமிருக்கும். விசிறித் தூவும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அங்கே இலையோடு களையும் சேர்ந்து உருவப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஆர்கெல் கலந்த அலெக்சாண்ட்ரியச் சரக்கின் கதையை நாமே நம் கையால் திரும்ப எழுதலாமா?

உரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பயறு போலக் காய் விடும் குடும்பம்தானே, காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து நிலத்துக்குக் கொடுத்துவிடும் என்று நம்புகிறார்கள். பயற்றங்குடும்பம் என்பது சரி. ஆனால் நிலாவாரை வேரில் முடிச்சு விழுவதில்லை. பிடுங்கிப் பாருங்கள், தெரியும். அதனால் ஏக்கருக்கு நாலு டன் தொழுவுரமாவது அடியுரமாக வேண்டும். இலைக்காகவே வளர்க்கும் பயிரைப் பட்டினி போட்டு இலையை எதிர்பார்க்கக் கூடாது.

இரகங்களில், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இந்த வட்டாரத்துக்கென்றே வெளியிட்ட கே.கே.எம். 1 இருக்கிறது. குஜராத்தின் ஆனந்திலிருந்து வந்த ஏ.எல்.எஃப்.டி. 2 தாமதமாகப் பூக்கும். பூ தள்ளிப்போனால் இலை கூடும். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் சோனா என்ற இரகத்தைக் கொடுத்தது. பூங்கொத்து எட்டிப் பார்க்கும்போதே கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்து இலை பெருகும் என்பதும் சோதித்துப் பார்த்த செய்தி.

பூச்சிகளில் முக்கியமானது இலை தின்னும் பச்சைப் புழு. வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகக் கூட்டமாகப் பறந்து வருமே, அந்த வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. ஆவாரையிலும் கொன்றையிலும் முட்டை வைப்பது அதன் பரம்பரை வழக்கம். நிலாவாரையையும் தன் சொந்தமாகவே எடுத்துக்கொண்டது. காயைக் குடையும் புழு ஒன்றும் உண்டு. மருந்து அடிக்கலாமா என்று கேட்பீர்கள். பறிக்கப்போகும் பொருளே இலை என்பதை மறக்காமல் முடிவு எடுங்கள். நெல்லில் அடித்த மருந்துக்கும் அரிசிக்கும் நடுவில் உமி இருக்கிறது. இங்கே மருந்து படும் இலையே நோயாளியின் வயிற்றுக்குப் போகிறது. முட்டையும் சிறுபுழுவுமாக இருக்கும்போதே கையால் பொறுக்குவதும், வேப்பெண்ணெய்க் கரைசலும், பறவை உட்காரக் குச்சி நடுவதும் முதல் வழிகள். வேறு வழியின்றி இரசாயனம் அடித்தால் பறிப்புக்கு முன் விடவேண்டிய நாள்களை விட்டே தீர வேண்டும். வாங்கும் நாடுகளின் ஆய்வுக்கூடம் இலையில் படிந்திருக்கும் எச்சத்தை மிக நுண்ணிய அளவில் கண்டுபிடித்துவிடும். ஒருவர் நிலத்துச் சாக்கு ஒன்று கொள்கலம் முழுவதையும் திருப்பி அனுப்ப வைக்கக்கூடும்.

விதைத்து 60-லிருந்து 90 நாளுக்குள் முதல் பறிப்பு வருகிறது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. 130-லிருந்து 150 நாளுக்குள் மூன்றாவது. அப்போது செடியையே பிடுங்கிவிடுவோம். முற்றிய தடித்த இலையாகப் பார்த்து உருவ வேண்டும். பனி காய்ந்தபின் இறங்க வேண்டும். காயைப் பச்சை மாறி இளமஞ்சள் தட்டும் பதத்தில் எடுத்துவிட வேண்டும். நன்றாக முற்றிப் பழுப்பேறிய காய் விதைக்கு உதவும். மருந்துக்கு அதில் சத்துக் குறைவு. மானாவாரியில் ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ காய்ந்த இலை நல்ல விளைச்சல். இறவையில் 600-க்கு மேலும் எடுக்கலாம்.

இப்போது களத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

நிலாவாரையின் வேலையைச் செய்யும் பொருள் சென்னோசைடு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் என்ற வேதியியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1941-இல் சென்னோசைடு ஏ, பி என்ற இரண்டைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை இலை பேதியாக்கும் என்று தெரியும். எதனால் என்று உறுதியாகத் தெரியாது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. செடியில் பச்சையாக நிற்கும் இலையில் சென்னோசைடு அநேகமாக இல்லை. அதன் பாதி உருவங்களான ஆந்த்ரோன் சேர்மங்கள்தான் இருக்கின்றன. பறித்த இலை மெல்ல உலரும்போது, அதன் செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தப் பாதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சென்னோசைடாக ஆக்குகின்றன. பறித்தபின் இலை செத்துப்போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். மருந்தைச் செய்து முடிக்கும் வேலையை அது அப்போதுதான் தொடங்குகிறது.

அந்த நொதிகளுக்கு மிதமான வெப்பம் வேண்டும். அதிகம் சூடாக்கினால் அவை அழிந்துவிடும், சேர்க்கை பாதியில் நிற்கும். அதனால்தான் அடுப்பு வைத்து உலர்த்துவதாக இருந்தாலும் 40 டிகிரியை ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். மறுபுறம், ஈரத்தோடு குவித்துப் போட்டால் குவியல் உள்ளுக்குள் கொதிக்கும், பூஞ்சை பிடிக்கும், இலை கறுக்கும். உண்டான மருந்தும் சிதையும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் குறுகிய வழிதான் நிழலில் காயவைப்பது. காற்றோட்டமான கொட்டகையில் மெல்லிய பரப்பாக விரித்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை கிளறி, ஒரு வாரம் பத்து நாள் காயவிட்டால் இலை மஞ்சள் கலந்த பச்சையில் நிற்கும். கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று ஒடியும். வியாபாரி அந்த நிறத்துக்கு ஏன் விலை கொடுக்கிறார் என்று கேட்டால் அழகுக்கு என்பார். உண்மையில் அந்த நிறம், இலைக்குள் நடக்கவேண்டியது நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

நமக்குச் சிக்கல் முதல் பறிப்பில் வருகிறது. அது கார்த்திகை, மார்கழி. வானம் மூடிக்கிடக்கும், களம் ஈரம். அவசரத்தில் தார்ச்சாலையில் விரிக்கிறார்கள். வண்டிச் சக்கரம் ஏறுகிறது, புழுதி படிகிறது, வெயில் வந்தால் இலை வெளுக்கிறது. உழவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொட்டகை போட அவரிடம் பணம் எங்கே இருக்கிறது? நெல்லுக்கும் மிளகாய்க்கும் உலர்களம் கேட்டு வாங்குகிறோம். நிலாவாரைக்கும் ஊருக்கு ஒரு கூரை போட்ட உலர்களம் கேட்க வேண்டும். மருத்துவத் தாவர வாரியம் நாட்டளவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதனிடம் முதலில் கேட்கவேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

களத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த இலையைச் சலிக்கும்போது எழும் தூள் மூக்கிலும் மார்பிலும் இறங்குகிறது. நிலாவாரைத் தூளோடு வேலை பார்த்த மருந்து ஆலைத் தொழிலாளர்களுக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வந்ததை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நம் கிட்டங்கிகளில் சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சலிக்கிறார்கள். நல்ல முகக்கவசமும், தூள் வெளியேறும்படியான காற்றாடியும் பெரிய செலவு இல்லை. இதைச் செய்து கொடுக்காமல் தரத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

இனி பயன்பாடு. இப்போது நான் சொல்வதை உழவர்களும் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இலை உங்கள் வீட்டிலும் இருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மருந்தை அளவில்லாமல் எடுக்கத் தோன்றும்.

சென்னோசைடு வயிற்றிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரையோடு பிணைந்த பெரிய மூலக்கூறாகையால் அங்கே உறிஞ்சப்படாமல் அப்படியே நழுவிப் பெருங்குடலை அடைகிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைக் கழற்றி, அதை ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. அதுதான் குடலை அசைத்துத் தள்ள வைக்கிறது, நீர் உடம்புக்குள் திரும்புவதையும் குறைக்கிறது. களத்தில் உங்கள் கொட்டகை செய்த வேலையை நோயாளியின் குடலில் நுண்ணுயிர்கள் முடித்துவைக்கின்றன. இந்தப் பயணத்துக்கு 6-லிருந்து 12 மணி நேரம் ஆகும். இரவு படுக்கும்முன் கொடுத்தால் காலையில் வேலை செய்வது இதனால்தான்.

அளவு என்ன? வயது வந்தவருக்கு ஓர் இரவுக்கு 15-லிருந்து 30 மில்லிகிராம். நல்ல இலையில் குறைந்தது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தர நூலின் விதி. கணக்குப் போடுங்கள்: ஒரு கிராம் இலையில் 25 மில்லிகிராம். ஒரு முழு வேளை மருந்து ஒரே ஒரு கிராம் இலையில் அடங்கிவிட்டது! ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பவர் எத்தனை வேளை மருந்தை ஒரே மடக்கில் குடிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். வயிற்றைப் பிசையும் வலி, நிற்காத பேதி, மயக்கம் எல்லாம் அந்தக் கைப்பிடியிலிருந்து வருகின்றன.

நம் பழைய மருத்துவர்கள் இந்தக் கூர்மையை அறிந்திருந்தார்கள். சித்த மருத்துவத்தின் நிலாவாரைச் சூரணத்திலும், ஆயுர்வேதத்தின் பஞ்சசகாரச் சூரணத்திலும் இலையைத் தனியே விடுவதில்லை. பஞ்சசகாரத்தில் சுக்கு, கடுக்காய், சதகுப்பை, இந்துப்பு ஆகியவை துணைக்கு வருகின்றன. வயிற்றைப் பிடித்து முறுக்காமல் இருப்பதற்காக. தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியில் பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றுதான் இருக்கிறது. நாள்தோறும் என்று இல்லை.

இன்று நாள்தோறும் குடிக்கச் சொல்கிறார்கள். உடல் இளைக்கும் தேநீர், நச்சு நீக்கும் தேநீர் என்று உலகம் முழுக்க விற்கும் பொட்டலங்களில் பலவற்றின் உள்ளே இருப்பது நம் இலை. நான் இதைக் கடுமையாகவே சொல்வேன்: அது பொய் வாக்குறுதி. சாப்பிட்ட சாப்பாட்டின் சத்து கிட்டத்தட்ட முழுவதும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது. நிலாவாரை வேலை செய்வதோ அதற்குப் பிந்திய பெருங்குடலில். எடைக் கருவியில் குறைந்து தெரிவது தண்ணீர். கொழுப்பு இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீரோடு பொட்டாசியமும் போகிறது. பொட்டாசியம் குறைந்தால் தசை சோரும், இதயத் துடிப்பு தடுமாறும். இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களுக்கும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது உயிராபத்தாகக்கூட முடியலாம். நெடுநாள் குடித்தவர்களின் பெருங்குடல் உட்சுவர் கரும்பழுப்பாக நிறம் மாறுவதை உள்நோக்கியில் மருத்துவர்கள் காண்கிறார்கள். நிறுத்தினால் சில மாதங்களில் அந்த நிறம் மறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் உணவுப் பொருள்களில் நிலாவாரை சேர்ப்பதைக் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்தது. மருந்தை உணவாக விற்பதன் பாதுகாப்பைப் பற்றி எழுந்த ஐயத்தின் விளைவு அது. அந்தச் சந்தையின் கதவு அடைபட்டால் முதலில் விலை சரிவது சாத்தான்குளத்தில். தவறான பயன்பாடு உழவரையும் அடிக்கிறது.

மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கருவுற்ற பெண்களும் அப்படியே. காரணம் தெரியாத வயிற்று வலி, குடலடைப்பு, குடல்வால் வீக்கம், குடற்புண் நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பேதிக்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் மிச்சம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் நிலாவாரையை அவுரி என்றும் சொல்கிறோம். தலைமுடிக்குப் பூசும் நீல அவுரி வேறு செடி. இரண்டும் ஒரே கடையில் பச்சைத் தூளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாங்குபவர் எதற்காக என்று சொல்லி வாங்க வேண்டும், விற்பவரும் கேட்டுக் கொடுக்க வேண்டும். மாணவர்கள் செய்துபார்க்க எளிய சோதனை உண்டு. தூளை அமிலத்தில் கொதிக்கவைத்து, பிரித்தெடுத்த சாற்றில் அம்மோனியா சேர்த்தால் நிலாவாரை இளஞ்சிவப்பாகும்.

சரியான கையில் இந்த மருந்து எவ்வளவு பெரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் முற்றிய நிலையில் வலிக்கு மார்பின் கொடுக்கிறோம். மார்பின் வலியைத் தணிக்கும், ஆனால் குடலைக் கட்டிப்போடும். நாள்கணக்கில் மலம் வெளியேறாமல் அந்த நோயாளி படும் வேதனை சில சமயம் புற்றுவலிக்கு மேலே போகும். பலர் அதற்குப் பயந்தே மார்பின் வேண்டாம் என்கிறார்கள். மார்பினோடு சேர்த்துத் தொடக்கத்திலிருந்தே கொடுக்கப்படும் மருந்துகளில் சென்னோசைடு முதல் வரிசையில் இருக்கிறது. அங்கே மருத்துவர் கண்காணிப்பில் நீண்ட நாள் கொடுப்பதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இந்த ஆதரவுச் சிகிச்சைப் பிரிவிலும் நிலாவாரை இடம்பெற்றிருக்கிறது. கடைசி நாள்களில் ஒருவர் கண்ணியத்தோடு இருக்க இந்த இலை உதவுகிறது. உழவர்களே, உங்கள் களத்தில் கறுத்துப்போன ஒரு சாக்கு, எங்கோ ஒரு வேளை மருந்தின் வலிமையைக் குறைக்கிறது. நிறம் மாறாத ஒரு சாக்கு யாரோ ஒருவருக்கு ஓர் இரவுத் தூக்கத்தைக் கொடுக்கிறது.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். இன்று இலைக்கு விலை வைப்பது கண் பார்வை. நிறம், முழுமை, தூசு இவ்வளவுதான். சென்னோசைடு அளவைச் சோதித்துப் பார்ப்பது பெரும்பாலும் சரக்கு உங்கள் கையைவிட்டுப் போன பிறகு. அதன் பலனும் வேறொருவருக்கு. உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் சேர்ந்து, பறிப்புக் காலத்தில் மாதிரி எடுத்துச் சோதித்து, நூற்றுக்கு இத்தனை பங்கு என்ற சீட்டோடு விற்க வேண்டும். அதற்கான கருவி மருந்தியல் கல்லூரிகளில் இருக்கிறது, ஆண்டில் பாதி நாள் சும்மா இருக்கிறது. கல்லூரி முதல்வர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் மாணவர்களின் செய்முறைப் பாடத்துக்கு இந்த உழவர்களின் இலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாடம் படிப்பார்கள், உழவருக்குச் சீட்டுக் கிடைக்கும்.

அதுவரை, இந்தப் பருவத்திலேயே ஒரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு சாக்கின்மேலும் ஓர் அட்டை தையுங்கள். பறித்த தேதி, கடைசியாக மருந்து அடித்த தேதி, நிழலில் காய்ந்த நாள்கள் என்ற மூன்றையும் உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். மாணவர்களே, நீங்கள் ஆலைக்கு வேலைக்குப் போகும் முதல் நாளில் அந்த அட்டை எங்கே என்று கேளுங்கள். அட்டை இல்லாத சாக்கைப் பிரிக்காதீர்கள்.